கேஷும் காசும்

ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்களைச் சொல்லச் சொன்னால் ‘கேஷ்’ என்ற சொல் தவறாமல் வந்துவிடும். கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆனது, சுருட்டு ‘செரூட்’ ஆனது, மிளகுத்தண்ணீர் ‘மல்லிகட்டானி’ ஆனது, காசு ‘கேஷ்’ ஆனது என்று மேடைப் பேச்சிலும் பள்ளி ஆண்டு மலரிலும் இந்த வரிசை ஒப்பிக்கப்படுகிறது. முதல் மூன்றில் பிழையில்லை. நான்காவது பாதிதான் உண்மை; அந்தப் பாதியும் சொல்பவர்கள் மனத்தில் இருக்கிற பாதி அல்ல. ரொக்கம் என்ற பொருளில் இன்று உலகமெங்கும் வழங்கும் ‘கேஷ்’ தமிழிலிருந்து போனதல்ல, ஐரோப்பிய வணிகரின் பெட்டியிலிருந்து வந்தது. ஆனால் அதே எழுத்துகளில், அதே உச்சரிப்பில் ஆங்கிலத்துக்குள் இன்னொரு ‘கேஷ்’ உண்டு. சிறு மதிப்புள்ள கீழை நாட்டு நாணயம் என்பது அதன் பொருள். அதுதான் நம்முடைய காசு. ஆங்கிலப் பேரகராதிகள் இவற்றை இரண்டு தனிச்சொற்களாகவே பதிவு செய்கின்றன. இவ்விரண்டுக்கும் தாய்–மகள் உறவு இல்லை. வெறும் தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது. காசு என்ற சொல் ஐரோப்பியர் காதில் விழுந்தபோது அங்கே ஏற்கெனவே இருந்த பெட்டிச் சொல்லின் அச்சில் அது வார்க்கப்பட்டது என்பதே சான்றுகள் காட்டும் முடிவு.

மூத்த கேஷிலிருந்து தொடங்குவோம். லத்தீனில் ‘காப்ஸா’ என்றால் பெட்டி, சிறப்பாக ஏட்டுச் சுருள்களை நிறுத்திவைக்கும் உருளைப் பெட்டி. பிடித்தல், கொள்ளுதல் என்னும் பொருளுள்ள வினையிலிருந்து பிறந்த பெயர் அது. இத்தாலிய மொழியில் அது ‘காஸ்ஸா’ ஆயிற்று. பிரெஞ்சில் ‘கேஸ்’ ஆயிற்று. இந்தக் குடும்பத்தின் வாரிசுகள் நம் வீடுகளிலேயே புழங்குகிறார்கள்: சூட்கேஸின் பின்பாதி, பாட்டுக் கேசட், மருந்து கேப்ஸ்யூல். (கோர்ட்டில் போடும் கேஸ் இந்தக் குடும்பம் அல்ல. விழுதல், நேர்தல் என்ற பொருளுடைய வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. ஒரே ஓசையில் இரண்டு வம்சங்கள் வாழ்வது ஆங்கிலத்தில் அபூர்வமே இல்லை.) இத்தாலிய வணிகர்களிடம் காஸ்ஸா என்பது மரப்பெட்டியோடு நிற்கவில்லை. பெட்டிக்குள் இருக்கும் பணமும், அந்தப் பணத்துக்கான கணக்குத் தலைப்பும் காஸ்ஸாதான். லூகா பாச்சோலி என்ற துறவி 1494-ல் வெனிஸ் நகரில் அச்சிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்குகிறார். வணிகன் பேரேட்டில் திறக்க வேண்டிய அடிப்படைக் கணக்குகளாக அவர் சொல்பவை காஸ்ஸாவும் மூலதனமும். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தது 1498-ல். ‘ரொக்கக் கணக்கு’ என்ற கருத்தும் அதற்கான சொல்லும் அச்சேறிய பிறகுதான் முதல் போர்ச்சுகீசியக் கப்பல் நம் கரையைத் தொட்டது. ஆங்கிலம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில். ஜான் ஃப்ளோரியோ 1598-ல் வெளியிட்ட இத்தாலிய–ஆங்கில அகராதி, காஸ்ஸாவுக்குப் பெட்டி என்று பொருள் சொல்லிவிட்டு வணிகரின் ‘கேஷ்’ என்றும் சேர்க்கிறது. பெட்டி என்ற பொருளிலேயே கேஷ் என்ற சொல் அதன் பிறகும் சில காலம் ஆங்கிலத்தில் ஆளப்பட்டது. காசு என்ற தமிழ்ச்சொல்லுக்கு எந்தக் காலத்திலும் பெட்டி என்ற பொருள் இருந்ததில்லை. இந்த ஒன்றே வழக்கைப் பெருமளவு முடித்துவிடுகிறது.

பெட்டியின் பெயர் பணத்துக்கு ஆகிவருவது விந்தையல்ல. ரோமானியர் கூடைக்குச் சொன்ன ‘ஃபிஸ்கஸ்’ பேரரசின் கருவூலப் பெயரானது. அரசு நிதி தொடர்பான ஆங்கிலப் பெயரடை அதிலிருந்து வந்தது. நிதியமைச்சர் ஆண்டுதோறும் படிக்கும் பட்ஜெட், பிரெஞ்சில் சின்னத் தோல்பை. நம் கடைத்தெருவிலும் இதே கதைதான். கல்லா என்பது பணம் போடும் பெட்டி, கடைக்காரர் உட்காரும் இடம், அன்றைய வரவு எல்லாம். படம் நன்றாக ஓடினால் ‘கல்லா கட்டியது’ என்கிறோம்; யாரும் பெட்டி செய்யவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகுபெயரை இலக்கணத்தில் படித்துத் தேறிய தமிழர்களுக்கு, கேஷ் என்ற சொல் பெட்டியிலிருந்து பணத்துக்கு நகர்ந்ததை ஏற்றுக்கொள்வதில் தடையே இருக்கக் கூடாது.

ஆனாலும் தடை எழுகிறது. ஓசையும் ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது. இரண்டும் ஒத்த பிறகு உறவில்லை என்பது எப்படி என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த அளவுகோலை மற்ற சொற்களில் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு நெகிழ்ந்தது என்பது தெரியும். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ‘ஒன்’. தமிழில் எட்டு, ஆங்கிலத்தில் ‘எய்ட்’. ஓசையும் பொருளும் இதைவிட நெருங்க முடியாது. ஆனால் ஆங்கில ‘ஒன்’ பழைய நிலையில் ‘ஆன்’ என்று ஒலித்தது. அதன் தொடக்கத்தில் இன்று கேட்கும் வகர ஒலி பிற்காலத்தில் ஒட்டியது. ‘எய்ட்’ என்பதன் லத்தீன் உறவு ‘ஆக்டோ’; அதன் நடுவில் ஒரு ககரம் இருந்தது. நம் எட்டின் அடிச்சொல்லோ எண். எண்பது, எண்ணாயிரம் என்பவற்றில் அது வெளிப்படையாகத் தெரிகிறது. பின்னோக்கிப் போகப் போக இரு சொற்களும் விலகிச் செல்கின்றன. உறவுள்ள சொற்கள் பின்னோக்கிப் போகையில் நெருங்க வேண்டும். கேஷும் காசும் அந்தச் சோதனையில் தோற்கின்றன: ஒன்று பின்னால் போய் ‘காப்ஸா’ என்ற பெட்டியில் நிற்கிறது, மற்றொன்று பொன்மணியில்.

ஆம், பொன்மணியில். குறுந்தொகையின் 67-ஆம் பாட்டு, கிளியின் அலகில் இருக்கும் வேப்பம்பழத்துக்கு ஒரு பொற்காசை உவமை சொல்கிறது. புதிய நூலில் கோப்பதற்காக நக நுனியில் பிடித்திருக்கும் காசு அது. அங்கே காசு என்பது அணிகலனில் கோக்கும் பொன் மணி. செலவழிக்கும் பொருளாக அது அங்கே வரவில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைப் பாராட்டும் இடத்தில் காசு என்றால் குற்றம். யாப்பிலக்கணத்தில் வெண்பாவின் கடைசிச் சீருக்குரிய வாய்பாடுகளில் ஒன்று காசு. இப்படிப் பல வேலை பார்த்த சொல் சோழர் காலத்தில் உறுதியாக நாணயப் பெயராகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பன்னிரண்டு அக்கம் ஒரு காசு. கோயில் பணத்தைக் கடனாகப் பெற்றவர்கள் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி தர வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. இன்றைய கணக்கில் 12.5 விழுக்காடு. அந்தக் காசு பொன். பின்னர் வந்த நூற்றாண்டுகளில் பெயர் நிலைத்தது, உலோகம் இறங்கியது. பொன்னுக்கு வராகனும் பணமும் பெயராக நின்றுவிட, காசு செம்புக்கு வந்தது. ஐரோப்பியர் வந்தபோது கண்டது இந்தச் செப்புக்காசைத்தான்.

காசுக்கே மூலம் எது என்பது தனி விவாதம். ‘கர்ஷ’ என்ற வடமொழி எடைப்பெயரிலிருந்து அது வந்தது என்பது பழைய அகராதிக்காரர்களின் கருத்து. அந்த எடையின் பெயரில் கார்ஷாபணம் என்ற நாணயமும் இருந்தது. ஒலிமாற்றத்தில் தடையில்லை, வடமொழியில் தலையைக் குறிக்கும் ‘சீர்ஷ’ பாலி மொழியில் ‘சீஸ’ ஆனது போல, கர்ஷ என்பதும் பிராகிருதத்தில் ‘காஸ’ ஆகியிருக்கலாம். ஆனால் மிகப் பழைய தமிழ்ப் பாட்டில் காசு எடையாக வராமல் மணியாக வருவதை இந்த விளக்கம் அவ்வளவு எளிதாகச் சமாளிக்காது. நம் கேள்விக்கு இதன் முடிவு தேவையில்லை. கர்ஷவிலிருந்து வந்தாலும் தமிழிலேயே பிறந்தாலும், காசு லத்தீன் பெட்டியோடு உறவு கொண்டாட வழியில்லை.

இனி இளைய கேஷின் பயணம். லுடோவிகோ டி வர்த்தேமா என்ற இத்தாலியர் 1510-ல் ரோமில் வெளியிட்ட பயண நூலில் தென்னிந்தியச் செப்பு நாணயத்தைக் ‘காஸ்’ என்று குறிக்கிறார். போர்ச்சுகீசியர் அதைக் ‘காய்ஷா’ என்று எழுதினார்கள். காய்ஷா என்பது அவர்கள் மொழியில் புதிய சொல்லல்ல. பெட்டி என்ற பொருளில் அன்றாடம் ஆண்ட சொல், அதே லத்தீன் காப்ஸாவின் வாரிசு. காதில் விழுந்த அயற்சொல்லைத் தெரிந்த சொல்லின் உருவத்தில் கேட்பது எல்லா மொழியாருக்கும் இயல்பு. இப்படி நம் காசு முதன்முதலில் பெட்டிவேடம் பூண்டது ஆங்கிலேயரிடம் அல்ல, போர்ச்சுகீசியரிடம். 1511-ல் அவர்கள் மலாக்காவைப் பிடித்தார்கள். தமிழ் வணிகர் பெருமளவில் குடியிருந்த துறைமுகம் அது. அங்கும் அதற்கப்பால் சாவகத்திலும் புழங்கிய தகரம், ஈயம், செம்புச் சில்லறைகளுக்கெல்லாம் அவர்கள் இந்தப் பெயரையே கொடுத்தார்கள். லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரரின் பயண நூல் 1598-ல் ஆங்கிலத்தில் வந்தபோது, சுந்தா நாட்டில் நடுவில் துளையிட்டுக் கயிற்றில் கோத்து வைக்கும் செப்பு நாணயத்தைக் ‘காய்ஷா’ என்றே அறிமுகம் செய்தது. ஃப்ளோரியோவின் அகராதி வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். ஆக, 1598-ல் ஆங்கிலம் படித்த ஒருவர் இத்தாலியப் பெட்டியையும் ஆசிய நாணயத்தையும் தனித்தனிப் புத்தகங்களில், வெவ்வேறு எழுத்துகளில் பார்த்திருக்க முடியும். அப்போது இரண்டும் ஒன்றாகவில்லை. காய்ஷா ஆங்கில நாவில் புழங்கித் தேயத் தேய, அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த கேஷின் உருவத்தை ஏற்றது.

இந்த விளக்கம் வெறும் ஊகம் என்பவர்களுக்குப் பணம் என்ற சொல்லின் கதி பதிலாகும். காசும் பணமும் ஒரே நாணய முறையின் இரு படிகள், ஒரே கடைத்தெருவில் ஒரே வணிகரிடம் கேட்ட சொற்கள். ஆங்கிலத்தில் பணம் ‘ஃபனம்’ ஆனதோடு நின்றுவிட்டது. கடைசிவரை அயல்நாட்டுச் சொல்லாகவே தோற்றமளித்தது. அதற்கு வேடம் கொடுக்கும் சொல் ஆங்கிலத்தில் இல்லை. காசுக்கு இருந்தது. ஒரே வழியில் போன இரண்டு சொற்களில் ஒன்று மட்டும் உள்நாட்டுக்காரன் போல் ஆனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இரு கேஷ்களும் அருகருகே அமர்ந்த இடம் சென்னை. கிழக்கிந்தியக் கும்பெனியார் இங்கே கணக்கு வைத்தது வராகன், பணம், காசு என்ற மூன்று படிகளில். 42 பணம் ஒரு வராகன், 80 காசு ஒரு பணம். ஆகவே ஒரு வராகனுக்கு 3,360 காசு. இந்த முறை 1818-ல் ரூபாய்க்கு இடம் விடும்வரை நீடித்தது. கோட்டைக்குள் இருந்த கணக்கர், கையிருப்பு என்ற பொருளில் தலைப்பில் கேஷ் என்று எழுதினார். அதன் கீழே கடைசிப் பத்தியில் மிகச் சிறு நாணயத்தின் பெயராகவும் கேஷ் என்று எழுதினார். பாச்சோலியின் காஸ்ஸாவும் சோழர் கல்வெட்டின் காசும் ஒரே தாளில், ஒரே எழுத்துகளில். எழுதியவருக்கு அது குழப்பமாக இருந்திருக்காது. இடம் பார்த்துப் பொருள் கொள்வது கணக்கருக்குப் பழக்கம். இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. சென்னை மாகாணத்துக்கான செப்புக்காசுகளைக் கும்பெனியார் பர்மிங்காமில் மாத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் அடிக்கச் செய்தார்கள். பத்துக் காசு, இருபது காசு நாணயங்களில் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்றும், பாரசீக எழுத்தில் ‘காஸ்’ என்றும் பொறித்திருந்தது. அப்படி 1808-ஆம் ஆண்டுக் காசுகளை பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அருகே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் மூழ்காளர்கள் லட்சக்கணக்கில் அவற்றை மேலே கொண்டுவந்தார்கள். இன்றும் பழங்காசு சேகரிப்பவர்களிடம் மலிவாகக் கிடைப்பவை அந்தக் கப்பல் காசுகளே.

சென்னையில் ஒழிந்த பிறகும் இந்தக் கேஷ் வேறிடங்களில் வாழ்ந்தது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய் என்ற கணக்கு இந்திய விடுதலைக் காலம்வரை நடந்தது. புதுக்கோட்டை அரசர்கள் நவராத்திரியில் வழங்கிய சிறு அம்மன் காசும் இருபதாம் நூற்றாண்டைப் பார்த்தது. ஆனால் மிகப் பரந்த ஆட்சி சீனத்தில்தான் அமைந்தது. சதுரத் துளையுள்ள சீனச் செப்பு நாணயத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் கேஷ். சீனர்கள் அதை அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டாயிரம் ஆண்டுச் சீன நாணய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதுகிற எவரும் பக்கத்துக்குப் பக்கம் தென்னிந்தியச் சொல் ஒன்றைப் பயன்படுத்துகிறார், பெரும்பாலும் அறியாமலே. தமிழர் பெருமைப்பட விரும்பினால் பெருமைப்பட வேண்டியது இதற்காக. தமிழர் என்று மட்டும் சொல்வதும் சற்று மிகை. மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் காசு உண்டு, சிங்களத்தில் காசி உண்டு. போர்ச்சுகீசியர் முதலில் இறங்கியது மலபார்க் கரை என்பதால் சொல் அங்கிருந்தும் ஏறியிருக்கலாம்.

இன்னொரு மறுப்பு அரசியல் சார்ந்தது. அகராதிகளை எழுதியவர்கள் வெள்ளையர்கள், ஆண்டானின் மொழி அடிமையின் மொழியிடம் கடன் வாங்கியதை ஒப்புக்கொள்ள மனமின்றி மறைத்தார்கள் என்பது அது. காலனியாதிக்கம் மறைத்தவை ஏராளம். இது அவற்றில் ஒன்றல்ல. 1886-ல் வெளிவந்த ‘ஹாப்சன்–ஜாப்சன்’ அகராதியைத் தொகுத்தவர்கள் ஹென்றி யூலும் ஏ. சி. பர்னெலும். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னிந்திய எழுத்துகளைப் பற்றி நூல் எழுதியவர். காசிலிருந்து காய்ஷாவும் காய்ஷாவிலிருந்து நாணயப் பெயரான கேஷும் வந்த வழியைத் தெளிவாக எழுதிவைத்தது அந்த அகராதிதான். ஒரு கேஷுக்குத் தமிழ் மூலத்தைச் சொல்லக் கூசாதவர்கள் மற்றொன்றுக்கு மட்டும் மறைக்க வேண்டிய காரணம் இல்லை. மேலும், மெய்யாகவே கடன் போன சொற்கள் தங்களுடன் ஒரு பொருளை எடுத்துச்செல்கின்றன. கட்டுமரம் ஐரோப்பாவில் இல்லை, சொல் போயிற்று. சுருட்டு இல்லை, சொல் போயிற்று. துளையிட்ட சில்லறை நாணயம் இல்லை, சொல் போயிற்று. ரொக்கம் வெனிஸில் இல்லாமலா இருந்தது?

ஆங்கிலத்தில் மூன்றாவதாக ஒரு கேஷும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படை அதிகாரியை அவமானப்படுத்திப் பதவி நீக்குவதற்கு ‘கேஷியர் செய்தல்’ என்பார்கள். வங்கியின் பணக்கூண்டில் உட்கார்ந்திருக்கும் கேஷியருக்கும் இதற்கும் தொடர்பில்லை. உடைத்தல், செல்லாததாக்குதல் என்ற பொருளுடைய பிரெஞ்சு வினை டச்சு மொழி வழியாக வந்தது. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவில் காசியோ பதவி இழப்பதை இந்தச் சொல்தான் குறிக்கிறது. ஒரே உருவத்தில் மூன்று சொற்கள் என்றால், உருவ ஒற்றுமையை வைத்து உறவு முடிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

மூத்த கேஷின் பொருள் அப்புறமும் ஓரிடத்தில் நிற்கவில்லை. பிரெஞ்சுப் போர்க்கால நெருக்கடியில் 1797-ல் இங்கிலாந்து வங்கி ‘கேஷ்’ கொடுப்பதை நிறுத்தியது. 1821-ல்தான் முழுமையாகத் திரும்பத் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் வங்கி நோட்டுகளைத் தாராளமாகவே கொடுத்தது. அன்று கேஷ் என்றால் தங்கம்; நோட்டு கேஷ் அல்ல, கேஷ் தருவதாகச் சொல்லும் வாக்குறுதி. 1839-ல் தாமஸ் கார்லைல், மனிதருக்கும் மனிதருக்கும் இடையே மிஞ்சிய ஒரே பிணைப்பு கேஷ் கொடுக்கல்வாங்கல்தான் என்று வருந்தி எழுதினார். அங்கே அது உலோகமும் அல்ல, ஓர் உறவு முறை. 1879-ல் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஜேம்ஸ் ரிட்டி காப்புரிமை பெற்ற கேஷ் ரெஜிஸ்டர், பின்னாளில் சொல்லை மறுபடி பெட்டிக்குள் கொண்டுவந்தது. பணப்பயிருக்குக் கேஷ் பயிர் என்று பெயர் வந்தபோது ‘வீட்டுக்கல்ல, விற்பனைக்கு’ என்பதே பொருள். இன்றைய நிறுவனக் கணக்கறிக்கைகளில் கேஷ் என்ற தலைப்பின் கீழ் வங்கி இருப்பும் வருகிறது. தங்கமா நோட்டா, நோட்டா செக்கா, செக்கா கார்டா என்று எதிர்ப்பக்கம் மாறிக்கொண்டே வந்தாலும் நடுவில் ஒன்று மாறவில்லை: இன்னொருவரின் வாக்கை நம்பாமல் இப்போதே கையில் எடுத்து வைக்கக்கூடியது எதுவோ அதுவே அந்தந்தக் காலத்தின் கேஷ். பெட்டியைத் திறந்தால் இருப்பது என்ற பழம்பொருளின் நீட்சிதான் அது.

தமிழ்ப் பேச்சும் இந்த வேறுபாட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஆங்கிலக் கேஷைத் தமிழ் கடன் வாங்கி, சொந்தக் காசுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டது. இரண்டும் ஒரே சொல்லாக இருந்தால் ஒன்று மற்றதைத் தின்றிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. காசு பொதுப்பணம்: காசுள்ளவன், காசு பார்த்துவிட்டான், காசு கொடுத்து வாங்கின வம்பு. ‘கேஷுள்ளவன்’ என்று யாரும் சொல்வதில்லை. ஓட்டல் கல்லாவில் ‘கேஷா, ஜிபேயா?’ என்று கேட்கிறார்கள்; ‘காசா, ஜிபேயா?’ என்று கேட்டால் கேள்வியே சரியாக அமையாது. ‘காசை ஜிபேயில் போட்டுவிடு’ என்பது நல்ல தமிழ். ‘கேஷை ஜிபேயில் போட்டுவிடு’ என்பதைக் கேட்டால் சின்னப் பிள்ளையும் சிரிக்கும். 2016 நவம்பரில் பெரிய நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது ஏ.டி.எம். வாசல்களில் தொங்கிய பலகைகள் சொன்னது ‘கேஷ் இல்லை’ என்று. வரிசையில் நின்றவர்களின் வங்கிக் கணக்கில் காசு இருந்தது.